தண்ணி நிக்காத பாத்தி

எங்கள் வீட்டுக்கு இடது கைப் பக்கம் பத்தடி அகலத்துக்குக் காலியிடம் கிடந்தது. முன்னால் தெரு, பின்னால் மதில். நான் அதில் துணி காயப்போடுவேன். மருமகள் ஒரு முருங்கை வைத்தாள், கம்பளிப்பூச்சி தொல்லை தாங்காமல் அவளே வெட்டிப்போட்டாள். அதற்கு அப்புறம் அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. மகன் பழைய கார் ஒன்று வாங்கினான். அன்றைக்குத்தான் அந்த இடத்துக்கு வேலை வந்தது.

கார் முதலில் தெருமுனைப் புங்க மரத்தடியில் நின்றது. காக்கா எச்சம் போட்டது, இலை கொட்டியது, அதெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். ஒருநாள் காலையில் யாரோ கதவில் ஆணியால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மகன் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றான். உள்ளே வந்து, "எம்மா, ஷெட்டு போட்டுடலாம்" என்றான். போடு என்றேன்.

நான் முப்பது வருஷம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அச்சு வேலை பார்த்தவள். களிமண்ணைக் கரைத்துக் குழம்பாக்கி, வெள்ளைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றிவைப்போம். பிளாஸ்டர் தண்ணியைக் குடிக்கும். அது குடிக்கக் குடிக்க அச்சின் உள்பக்கத்தில் மண் தோல் மாதிரி பிடிக்கும். வேண்டிய கனம் பிடித்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே கிளியோ யானையோ உப்பு ஜாடியோ இருக்கும். எந்த அச்சு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குடிக்கும் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்லுவேன். சூப்பர்வைசர் என்னைக் கேட்டுத்தான் கவிழ்க்கச் சொல்லுவார். மழை நாளில் அச்சு ஈரமாக இருந்தால் கையில் தூக்கிப் பார்த்தே இன்றைக்கு இது வேண்டாம் என்று ஒதுக்குவேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

அச்சுக்கு ஆயுசு கம்மி. நூறு தடவைக்கு மேல் ஊற்றினால் உள்பக்கம் மழுங்கிப்போகும். கிளிக்கு மூக்கு மொட்டையாகும், யானைக்குக் காது ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட அச்சைக் கம்பெனியில் வெளியே கொட்டிவிடுவார்கள். நான் ஒன்று இரண்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்பக்க மதில் ஓரம் ஒரு தகரத்துக்கு அடியில் அடுக்கிவைத்தேன். முப்பது வருஷத்தில் அது இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

மேஸ்திரி கருவேப்பிலங்குறிச்சிக்காரர். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் பெண்சாதியே அவருக்குச் சித்தாள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வருவார்கள், நடுவில் பாண்டு சட்டியும் மட்டப்பலகையும் இருக்கும். அவர் பேசாததையும் சேர்த்து அந்தப் பெண் பேசிவிடும்.

முதல் நாள் வந்து இடத்தைக் காலாலேயே அளந்தார். டியூபில் தண்ணி பிடித்து மட்டம் பார்த்தார். தரை பின்பக்கம் இறங்கியிருந்தது. மதில் ஓரம் போகப்போக ஒன்றரை அடி பள்ளம். அதிலும் வலது பின்மூலை இன்னும் ஆழம். முருங்கையைத் தோண்டி எடுத்த குழி அது.

"கம்பி கட்டலியா மேஸ்திரி?" என்றான் மகன்.

"ஒரு கார் நிக்கறதுக்குக் கம்பி எதுக்குங்க. நாலு இன்ச்சு ஜல்லி காங்கிரீட்டு போதும். ஆனா அடி கெட்டியா இருக்கணும். கிராவல் ரெண்டு லோடு அடிச்சி, தண்ணி விட்டு, திமிசுக் கட்டையால குத்திடலாம்."

நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "இந்த ஊருல அடிக்கு எவன்பா கிராவல் கொட்றான்?" என்றேன்.

எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு அடியில் செராமிக் உடசல்தான் கிடக்கிறது. சூளையில் வெந்து விரிசல் விட்டது, கோணினது, காது போன கப்பு, கரண்டு பீஸ் கட்டை, எல்லாம். வெந்த சாமான் கல்லுக்குச் சமம். மண்ணுக்குள் நூறு வருஷம் கிடந்தாலும் கரையாது, கறையான் தின்னாது. கம்பெனியில் நான் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அப்படித்தான் சொன்னேன்.

"அதுவும் நல்லதுதான் பெரியம்மா" என்றார் மேஸ்திரி. "கிராவலுக்கு மேலயே நிக்கும்."

நானே போய்ச் சொல்லி ஒரு டிராக்டர் உடசல் வரவழைத்தேன். அதைத் தெருவில் சாய்த்தபோது ஒரு பாத்திரக் கடை கவிழ்ந்த மாதிரி சத்தம் கேட்டது. எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு வாங்கியவர். சாருக்குப் பொழுது போவது எங்கள் வீட்டு வேலையைப் பார்ப்பதில்தான். அவருக்கு மாடியில் ஒரு அறை எடுக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைப்பு. எந்தக் கொத்தனாரையும் நம்பமாட்டார்.

"மேஸ்திரி" என்றார் அவர். "இந்தத் தரைய நான் பாத்துக்கிட்டே இருக்கேன். இது எப்படி வருதுன்னு பாத்துட்டுத்தான் என் மாடிய உன் கைல குடுப்பேன்."

"பாருங்க சார்" என்றார் மேஸ்திரி.

அவர் பெண்சாதி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "சாரு பரீட்ச வச்சிருக்காரு, பெயிலானா வூட்டுக்கு வரவேணாம்" என்று புருஷனிடம் சொன்னது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு மத்தியானம் சோறு தின்னும்போது என்னிடம் வேறு மாதிரி சொன்னது. மாடி வேலை கிடைத்தால் மூன்று மாசத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம். அவருக்கு முட்டி தேய்ந்துபோச்சு. ஒரே இடத்தில் வேலை இருந்தால் நல்லது. நான் கேட்டுக்கொண்டேன்.

உடசல் பத்தாமல் போனது. முன்பக்கமும் நடுவும் நிரம்பிவிட்டது. பின்மூலைக் குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இன்னொரு அரை லோடு கேட்கலாம், ஆனால் டிராக்டர் இரண்டு நாள் கழித்துத்தான் வரும் என்றார்கள். கலவை மிஷினுக்கு நாளைக்கே சொல்லியாகிவிட்டது.

அப்போது மருமகள் பின்பக்கத் தகரத்தைக் காட்டி, "அத்தே, எடம் சுத்தம் பண்றதுதான் பண்றோம், அந்த வெள்ளக் குப்பையையும் டிராக்டருல ஏத்தி அனுப்பிடலாமா?" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அது குப்பைதான். அந்த வார்த்தையை அவள் மேஸ்திரி முன்னாலும் அவர் பெண்சாதி முன்னாலும் சொன்னாள், அவ்வளவுதான். நான் எழுந்து போய்த் தகரத்தை நீக்கினேன். "எதுக்கு அனுப்பணும்? குழிதான் நிரம்பணுமே. இதப் போடுங்க" என்றேன்.

மேஸ்திரி ஒரு அச்சை எடுத்துக் கையில் தட்டிப் பார்த்தார். காய்ந்த பிளாஸ்டர் கல் மாதிரிதான் இருக்கும். நகத்தால் கீறினார், மாவு வந்தது.

"பெரியம்மா, இது பிளாஸ்டர் ஆச்சே. தண்ணி பட்டா ஊறிடாது?"

"நாலு இன்ச்சு காங்கிரீட்டுக்கு அடியில தண்ணி எங்கேருந்துப்பா வரும்?"

"இல்ல, நாம தண்ணி கட்டுவோம் இல்ல. ஒரு ரெண்டு நாளு பொறுத்தா..."

"உனக்குக் கல்லு தெரியும். எனக்கு இது தெரியும். முப்பது வருஷம் இதோடதான் கெடந்தேன். போடு."

அவர் பெண்சாதியைப் பார்த்தார். "போடுங்க, அவங்க வூடு, அவங்க குழி" என்றது அது.

"சாமி அச்சு ஏதாவது கலந்திருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. பிள்ளையார் அச்சு ஐந்து. வண்டிச் சக்கரத்துக்கு அடியில் பிள்ளையாரைப் போட யாருக்கும் மனசு வராது. அதை மட்டும் நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து மதிலில் சாய்த்துவைத்தேன். மற்றதையெல்லாம், கிளி, யானை, ஜாடி, விளக்கு, நானே எடுத்துக் கொடுத்தேன். மேஸ்திரி குழிக்குள் இறங்கிக் குப்புறக் குப்புற அடுக்கினார். மேலே அரை அடிக்கு உடசல் இழுத்துவிட்டு, தண்ணி தெளித்து, திமிசுக் கட்டையால் குத்தினார்கள். மற்ற இடத்தில் குத்தினால் கட்டை எகிறிக்கொண்டு வந்தது. அந்த மூலையில் மட்டும் தொம்மென்று உள்ளே போனது. மேஸ்திரி இரண்டு தரம் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

எனக்குத் தெரியாதா? தெரியும். அச்சு என்றாலே உள்ளே பொந்துதான், குப்புறப் போட்டால் பொந்து அப்படியே இருக்கும். பிளாஸ்டர் என்றாலே குடிக்கிற சாமான்தான். முப்பது வருஷம் வேறு எதை வைத்துச் சம்பாதித்தேன்? ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது குப்பை வண்டியில் போகக்கூடாது. என் மகன் கார் அதற்கு மேல் நிற்கட்டும், அப்போது யார் குப்பை என்று சொல்கிறார்கள் பார்ப்போம் என்று இருந்தது.

மறுநாள் கலவை மிஷின் வந்தது. மிஷினுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தோம். எதிர் வீட்டு சார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சிமெண்டு மூட்டையை எண்ணினார், ஜல்லியைக் கையில் எடுத்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்தார், தண்ணி அதிகமாகப் போகிறது என்று ஒரு தரம் சொன்னார். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றார், ஆனால் அவர் கை அவர் வேலையைத்தான் செய்தது. பின்மூலையில் ஆரம்பித்துத் தெரு வரைக்கும் காங்கிரீட்டு கொட்டி, பலகை வைத்து இழுத்து, தெருப்பக்கம் வாட்டம் கொடுத்து, மரக்கட்டையால் தேய்த்தார். சாயந்திரம் தரை தேய்த்த அப்பளம் மாதிரி மட்டமாக இருந்தது. சார் நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு ஒன்றும் குறை சொல்லவில்லை. அவர் குறை சொல்லாததே பெரிசு.

அடுத்த நாள் காலையில் மேஸ்திரி வந்து சன்னக் கலவையில் வரப்பு பிடித்து ஆறு பாத்தி கட்டினார். பாத்தியில் தண்ணி நிற்க வேண்டும். பத்து நாளைக்குக் காயவிடக்கூடாது. "இது உங்க வேல பெரியம்மா. நீங்க பாத்துக்குவீங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஆறு பாத்தியும் நிரப்பினேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் ஐந்தில் தண்ணி கண்ணாடி மாதிரி நிற்கிறது. பின்மூலைப் பாத்தி காலி. ஈரம் மட்டும் இருந்தது.

வரப்பு ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. மறுபடியும் ஊற்றிவிட்டு, அங்கேயே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். தண்ணி இறங்கியது. சத்தமில்லாமல், சீராக. எனக்கு அந்த வேகம் தெரியும். அத்தனை வருஷம் அந்த வேகத்தைப் பார்த்துத்தான் அச்சைக் கவிழ்த்தேன். தண்ணி முழுக்க இறங்கினதும் தரையில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. மூலைக்குக் குறுக்கே, மதிலில் இருந்து வீட்டுச் சுவருக்கு. அடியில் இருந்த அச்சு மேலே போட்ட காங்கிரீட்டின் ஈரத்தை ராத்திரியோடு ராத்திரியாக உறிஞ்சியதில், காங்கிரீட்டு சுருங்கி விரிசல் விட்டிருக்கிறது. இப்போது விரிசல் வழியாக மிச்சத்தையும் குடிக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அந்தப் பாத்தியை நிரப்பினேன். மகன் பல் தேய்த்துக்கொண்டு வந்து பார்க்கும்போது ஆறும் நிரம்பியிருக்கும். மத்தியானம் மருமகள் படுத்ததும் நிரப்பினேன். சாயந்திரம் சார் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் நிரப்பினேன். எவ்வளவு ஊற்றினேனோ அவ்வளவும் அடியில் இருந்ததைக் கரைக்கத்தான் போனது. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஊற்றினேன். காலியாக இருந்தால் கேட்பார்களே.

"அத்தே, இத்தன தரம் ஊத்தறீங்களே, இடுப்பு வலிக்கப்போகுது, நான் ஊத்தறேன்" என்றாள் மருமகள்.

"உனக்கு அளவு தெரியாது" என்றேன்.

ஏழாம் நாள் மேஸ்திரி வழியில் போகும்போது எட்டிப் பார்த்தார். நேராகப் பின்மூலைக்குத்தான் போனார். மதிலுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு கசிவு இறங்கி மண்ணில் காய்ந்திருந்தது. எட்டிப் பார்த்தார். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார். திரும்பி வந்து, "தண்ணி நல்லா கட்டியிருக்கீங்க பெரியம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து வரப்பை உடைத்துக் கழுவிவிட்டோம். ஷெட்டுக்குத் தூண் நட்டு மேலே ஷீட்டு போட்டார்கள். இருபத்தோரு நாள் ஆனதும் காரை ஏற்றலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அன்றைக்கு அவரும் பெண்சாதியும் வந்தார்கள். சாரும் வந்தார். மருமகள் காருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டாள். மகன் பின்பக்கமாகவே ஏற்றினான். பின்சக்கரம் ஏறியது, நடுவுக்கு வந்தது, மதில் ஓரம் போனது. ஒரு சத்தம், பானை விரிகிற மாதிரி. அந்த மூலைப் பக்கத்துச் சக்கரம் மூன்று விரல் கீழே இறங்கி நின்றது.

மகன் இறங்கி வந்து பார்த்தான். முடி மாதிரி இருந்த கோட்டில் இப்போது விரல் நுழையும். மூலை தனியாகத் தட்டு மாதிரி சாய்ந்திருந்தது.

"என்னா மேஸ்திரி இது?"

மேஸ்திரி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தடவிப் பார்த்தார். சார் குடையின் நுனியால் விரிசலைக் குத்தினார். "சிமெண்டு கம்மி. நான் அன்னைக்கே நெனச்சேன். கடேசி மூட்ட பாதிதான் கொட்டுனாங்க."

அது பொய். கடைசி மூட்டை முழுசாகத்தான் கொட்டினார்கள், அவரே எண்ணினார். ஆனால் மேஸ்திரி மறுக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஜல்லி கொஞ்சம் ஏறிடுச்சி சார். கலவ சரியா ஒக்காரல. என் தப்புதான். நான் ஒடச்சி எடுத்துப் புதுசா போட்டுக் குடுத்துடறேன்."

"ஒரு கார் நிக்கற தரைலயே இப்படின்னா மாடி என்னாத்துக்கு ஆவும்?" என்றார் சார். "சரி, பாப்போம்."

அவர் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். திட்டக்குடியில் ஒரு கொத்தனார் இருக்கிறாராம், நல்லா செய்கிறாராம் என்று மகனிடம் சொல்லிக்கொண்டே போனார். மேஸ்திரிக்குக் காது கேட்கத்தான் செய்தது. மட்டப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பெண்சாதி திரும்பியது. பார்த்துக்கொண்டே இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்குச் சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. அழுதேன் புலம்பினேன் என்றெல்லாம் எழுதினால் பொய். ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. அந்தாள் எனக்காகப் பொய் சொன்னார். நான் கேட்கவில்லை. என்னைப் பாவம் பார்த்து, வயசான மனுஷி, மகன் முன்னால் தலைகுனிய வேண்டாம் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனியில் என் கையில் உடைந்த சாமானை இன்னொருத்தி கணக்கில் நான் ஒருநாளும் சேர்த்ததில்லை. யாராவது எனக்காகச் சேர்த்துக்கொண்டால் அவள் முன்னாலேயே திருப்பி எடுத்துக்கொள்வேன். இப்போது ஒரு தரையையே அவர் தன் கணக்கில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூலையை உடைக்க வந்தார்கள். மேஸ்திரி உளி எடுக்க வண்டிக்குப் போனபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஆயா, அவரு வாயத் தொறக்கமாட்டாரு. பொறந்ததுலேருந்து அப்படித்தான், கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவும் தலையத்தான் ஆட்டுனாராம். நான் சொல்லட்டுமா?"

"நீ ஏன் சொல்லணும்?"

"பின்ன யாரு சொல்றது? கிளியா?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அந்த வீட்டுப் படி நான் அதிகம் ஏறினதில்லை. சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன்.

"என்னாத்தப் பாக்கறது? அதான் பாத்தாச்சே."

"மேலதான் பாத்தீங்க. அடியப் பாக்கல."

குடையை எடுத்துக்கொண்டு வந்தார். மகனையும் மருமகளையும் கூப்பிட்டேன். மேஸ்திரி என்னைப் பார்த்து, "பெரியம்மா, நீங்க உள்ள போங்க, தூசி அடிக்கும்" என்றார்.

"ஒட" என்றேன்.

உடைத்தார். காங்கிரீட்டுத் துண்டு ஒவ்வொன்றும் கெட்டியாகத்தான் வந்தது. சம்மட்டி பத்து அடி அடித்தால் ஒரு துண்டு. சார் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே உடசல், அதுவும் கெட்டி. அதற்கும் கீழே மண்வெட்டி போட்டதும் வெள்ளையாக வந்தது. ஆறிப்போன கஞ்சி மாதிரி. சிலது இன்னும் அச்சு மாதிரியே இருந்தது. நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். கிளி. பாதிதான் இருந்தது. விரலை மடக்கினேன். விரலுக்கு நடுவில் பிதுங்கிக்கொண்டு போய்விட்டது.

"இது நான் போட்டது" என்றேன். "மேஸ்திரி வேணாம்னு சொன்னாரு. ரெண்டு நாளு பொறுக்கலாம்னாரு. நான்தான் கேக்கல. ஜல்லியும் ஏறல, சிமெண்டும் கொறயல."

மகன் குழியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான்.

சார்தான் கேட்டார். "இது கரையும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க இதுலயே வேல செஞ்சவங்களாச்சே."

"தெரியும்."

"தெரிஞ்சேவா போட்டீங்க?"

"தெரிஞ்சேதான்."

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புத்தி கூர்மை. "நான் குப்பைன்னு சொன்னேனே, அதுக்கா அத்தே?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து என் கையில் ஊற்றினாள். வெள்ளை போகத் தேய்த்துக் கழுவினேன்.

மேஸ்திரிக்குக் கோபம். அவரிடம் நான் கோபம் பார்த்தது அன்றைக்குத்தான். "நான்தான் சொல்லிட்டேனே பெரியம்மா, முடிஞ்சிபோன விஷயம். எதுக்கு இதெல்லாம்?" என்று முணுமுணுத்தார்.

"நீ சொன்னது என் கணக்கு. அத நான்தான் வச்சுக்கணும்" என்றேன். "உன் கணக்குல உன் வேலைய வச்சுக்க."

"அப்பாடி" என்றது அவர் பெண்சாதி. "இப்பவாவது ஒருத்தரு பேசுனாங்க."

வெள்ளையை எல்லாம் வழித்து எடுத்து, கழுவி, கம்பெனியில் இருந்து இன்னும் அரை லோடு உடசல் வரவழைத்து, குழியைக் குத்தி நிரப்பினார்கள். இந்தத் தரம் திமிசு எகிறியது. மூலையைச் சதுரமாக வெட்டிவிட்டுப் புதுக் காங்கிரீட்டு போட்டார். பழசு சாம்பல் நிறம், புதுசு கொஞ்சம் பச்சை ஓடின மாதிரி. ஒட்டின இடம் கோடாகத் தெரிகிறது. தெரியாமல் பூசிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

வழித்து எடுத்த வெள்ளை மண்ணை டிராக்டரில் ஏற்றும்போது மருமகள் என்னைக் கேட்டாள். "இத அனுப்பிடலாமா அத்தே?" இந்தத் தரம் வேறு பேர் எதுவும் வைத்து அதைச் சொல்லவில்லை. அனுப்பு என்றேன். பிள்ளையார் அச்சு ஐந்தும் மதிலில் சாய்ந்தபடியே இருக்கிறது. ஆற்றில் விடலாம் என்றால் மணிமுத்தாற்றில் தண்ணி இல்லை. வரட்டும்.

எதிர் வீட்டில் மாடிக்கு மணல் இறங்கியது. அன்றைக்கு சார் தெருவில் நின்றபடியே சத்தமாகக் கேட்டார், "ஏம்மா, உங்க வூட்டுல பழைய அச்சு ஏதாவது மிச்சம் இருக்குதா? இருந்தா முன்னாலயே சொல்லிடுங்க, என் மாடி பக்கம் வரவேணாம்." தெருவே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார், அந்த மணலைச் சலித்துக்கொண்டே. "பிள்ளையாரு அஞ்சி பேரு இருக்காங்க, வேணும்னா சொல்லுங்க" என்றேன்.

புது மூலையில் ஒரே ஒரு பாத்தி கட்டியிருந்தார்கள். போட்டதற்கு மறுநாள் சாயந்திரம் ஒரு குடம் ஊற்றினேன். காலையில் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட்டேன், பழக்கம் ஆகிவிட்டது. குடத்தில் தண்ணி பிடித்துக்கொண்டு போனேன். பாத்தியில் தண்ணி இருந்தது. ஷீட்டின் ஓரத்து ஆணி ஒன்று அதில் தெரிந்தது. குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். நேற்று இரண்டாவது கணு வரைக்கும் ஊற்றியது, இப்போதும் இரண்டாவது கணு வரைக்கும்தான் இருந்தது.

குடத்துத் தண்ணியை வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போனேன்.